இடி இடித்தால் காணாமல் போகும் சர்வர்: பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கு ஒரு வியாழக்கிழமை

அன்று காலை கிள்ளானுக்குப் போகிறேன் என்று அம்மாவிடம் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தானும் வருவதாகச் செருப்பைத் தேடத் தொடங்கியிருப்பார். ஆபீஸ் என்று மட்டும் சொன்னேன். கிள்ளானில் பக்கத்து வீட்டு செல்வி ஆன்டியிடமும் ஒரு விஷயத்தைச் சொல்லவில்லை. அது பின்னால் வரும்.

வீட்டு விவகாரங்களை நான் இங்கே எழுதுவதில்லை என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். இந்த முறை கொஞ்சம் எழுதியாக வேண்டும். இல்லாவிட்டால் வேலைநாளில் விடுப்பெடுத்துக்கொண்டு, முப்பது கிலோமீட்டருக்கு மேல் ரயிலேறி ஒரு மோடத்தைப் பார்க்கப் போனது ஏன் என்று புரியாது.

அம்மாவுக்கு ஏழு வாரங்களுக்கு முன் பக்கவாதம் வந்தது. கை கால் ஓரளவு திரும்பிவிட்டன, பேச்சு திரும்பவில்லை. நாம் சொல்வது புரிகிறது. பதில் சொல்ல வாயெடுத்தால் சொல் கிடைப்பதில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் நான் வாடகைக்கு இருக்கும் ஃபிளாட்டுக்கே அவரை அழைத்து வந்துவிட்டேன். கிள்ளான் வீடு பூட்டிக் கிடக்கிறது. பேச்சுப் பயிற்சி கொடுக்க ஷாலினி என்பவர் வியாழன்தோறும் நான்கு மணிக்கு ஃபிளாட்டுக்கு வருகிறார். மொத்தம் ஆறு முறை. ஆறிலும் ஒரு சொல்கூட வராவிட்டால், அந்த நேரம் காத்திருக்கும் அடுத்த நோயாளிக்குப் போய்விடும். நாங்கள் மறுபடியும் வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும். எத்தனை மாதம் என்று யாரும் சொல்லவில்லை.

நான்காவது முறை வந்தபோது ஷாலினி கேட்டார், "அம்மா பாடுவாங்களா? பேச்சு வராதவங்களுக்குச் சில நேரம் பாட்டு வரும். அவங்களே பாடினது ஏதாச்சும் ரெக்கார்டிங் இருக்கா?"

அம்மா பாடுவாரா! கிள்ளானில் எங்கள் தமிழ்த் திருச்சபையின் பாடகர் குழுவைப் பதினெட்டு வருடம் நடத்தியவர். சனிக்கிழமை ஒத்திகைகளை, வராதவர்கள் பிறகு கேட்டுப் பழகட்டும் என்று நான் வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன். நாற்பதுக்கு மேல் இருக்கும், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். எல்லாம் கிள்ளான் வீட்டு ஹாலில் ஒரு பழைய லேப்டாப்பில் இருக்கின்றன. அதைத்தான் நான் மீடியா சர்வராக மாற்றியிருக்கிறேன்: அது அங்கே ஓடிக்கொண்டிருக்கும், நான் எங்கிருந்தும் டேப்லெட்டில் திறந்து பார்க்கலாம். வேறு பிரதி கிடையாது. (திட்ட வேண்டாம். நானே திட்டிக்கொண்டாயிற்று.)

அன்று திறந்தேன். திறக்கவில்லை. அடுத்த வாரமும் அப்படியே. ஷாலினி தம் அட்டைப் படங்களோடு பொறுமையாக உட்கார்ந்திருந்தார். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். செல்வி ஆன்டியிடம் கிள்ளான் வீட்டுச் சாவி இருக்கிறது. இரண்டு முறை போன் செய்து, மோடத்தை அணைத்துப் போடச் சொன்னேன். பலன் இல்லை. ஆறாவது வியாழன் வந்தது. என்னோடு ஃபிளாட்டில் இருக்கும் கவிதாவிடம் அம்மாவை ஒப்படைத்துவிட்டு, நான்கு மணிக்குள் அந்தச் சர்வரை எழுப்புவது என்று கிளம்பினேன்.

கே.எல். சென்ட்ரலில் காலை 10.05 கொம்யூட்டர் ரயில். கார்டில் ஐந்து ரிங்கிட் கழிந்தது. கிள்ளான் போகும் தடத்தில் அலுவலக நேரம் முடிந்தபின் வண்டிகளுக்கு இடையே அரை மணிக்கு மேல் இடைவெளி இருக்கும். ஒன்றைத் தவறவிட்டால் காத்திருக்கத்தான் வேண்டும். சுபாங் ஜெயா வரை நின்றுகொண்டு போனேன், பிறகு இடம் கிடைத்தது. கிள்ளானில் இறங்கும்போது 11.15. லிட்டில் இந்தியா நடந்து போகும் தூரம்தான். அன்று பூக்கடைப் பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை.

வீடு ஜாலான் மேரு பக்கம், நிலையத்திலிருந்து ஐந்து கிலோமீட்டர். ஆப்பில் கார் பிடித்தேன், ஒன்பது ரிங்கிட். ஓட்டியவர் ஐம்பது வயதைத் தாண்டிய அண்ணன்.

"பாலம் ஜேம் லா தங்கச்சி. பத்து நிமிசம் கூட ஆகும். வேலைக்குப் போகலையா?"

"வீட்டுல இன்டர்நெட் சரியில்லண்ணே. பாக்கப் போறேன்."

"அதுக்கு என்ன, பொட்டிய ரெண்டு தட்டு தட்டுங்க. எங்க வீட்டுல நான் அப்படித்தான்."

"தட்டியும் வரலைன்னா?"

"வரலைன்னா என் மக என்னைத் தட்டுவா."

வாசலில் செல்வி ஆன்டி சாவியோடு நின்றிருந்தார். அம்மாவின் நலம் கேட்டு, நான் இளைத்துவிட்டதாகக் கண்டுபிடித்து, "மோடத்துல லைட் எல்லாம் பச்சையாத்தான் எரியுது, தினம் பாக்குறேன்" என்று அறிக்கையும் கொடுத்துவிட்டார். நேரம் 11.50.

விளக்குகள் பச்சைதான். லேப்டாப்பும் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டு வைஃபையில் என் போனை இணைத்து சர்வரைத் திறந்தேன். உடனே திறந்தது, ஒத்திகைகள் வரிசையாக வந்து நின்றன. சரியாகிவிட்டது என்று கவிதாவுக்குச் செய்தி அனுப்பினேன். அவள் பதில் போட்டாள்: "இங்க இன்னும் வரல டி." வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு வீட்டுக்குள்ளேயே சோதித்திருக்கிறேன். வைஃபையை அணைத்து, போனின் சொந்த டேட்டாவில் பார்த்தேன். திறக்கவில்லை.

கணினி பழக்கமில்லாதவர்களுக்காக இப்படிச் சொல்கிறேன். மோடம் என்பது ஃபிளாட் வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருக்கும் ஜாகா மாதிரி. வெளியிலிருந்து வருகிறவர் வீடியோ கேட்டால், "இரண்டாம் நம்பர் வீட்டுக்குப் போங்க" என்று அனுப்புவார். அப்படி அனுப்பும்படி நான்தான் போன வருடம் எழுதி வைத்தேன், ஏனென்றால் அப்போது லேப்டாப் இரண்டாம் நம்பரில் இருந்தது. இப்போது எந்தக் கருவிக்கு எந்த நம்பர் என்று காட்டும் மோடத்தின் பட்டியலைத் திறந்தால், இரண்டாம் நம்பரில் குடியிருந்தது 'குயின் செல்வி'.

"ஆன்டி, குயின் செல்வி யாரு?"

"அது நான்தான் லா! போனுக்குப் பேத்தி வெச்ச பேரு. ஏன், என் போன்ல ஏதும் கெட்டுப்போச்சா?"

அம்மாதான் ஆன்டிக்கு வைஃபை பாஸ்வேர்டைக் கொடுத்திருந்தார். அதில் தப்பில்லை. ஆனால் லேப்டாப்பின் நம்பரை ஆன்டியின் போன் எப்படிப் பிடித்தது?

"ஆன்டி, நான் சொன்ன ரெண்டு தடவை தவிர மோடத்தை அணைச்சீங்களா?"

"அணைக்காம? தினம் மத்தியானத்துக்கு மேல இடி இடிக்குது. போன வருசம் எங்க வீட்டு மோடம் டப்புன்னு போச்சு, டிவியும் சேந்து போச்சு. அதுலருந்து இடி சத்தம் கேட்டாலே முதல்ல உங்க வீட்டுக்குத்தான் ஓடியாறேன். எங்க வீட்டுதைப் பொறவுதான் கழட்டுவேன். மழை விட்டதும் சொருகிருவேன், அதுல மறக்க மாட்டேன்."

இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழ்கிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இடி கேட்டால் மோடத்தின் பிளக்கைக் கழற்றுவது எங்களுக்குக் குடை எடுப்பது போல. ஆனால் எங்கள் வீட்டு மோடம் அணைந்தால் பழைய குடியிருப்புப் பட்டியலை மறந்துவிடும் ரகம். மீண்டும் உயிர் வந்ததும், முதலில் வருகிறவருக்கு முதல் காலி நம்பர். ஒன்றாம் நம்பர் எப்போதும் மோடத்துக்கே. பிளக்கைச் சொருகும் ஆன்டியின் கையிலேயே போன் இருக்கிறது. இரண்டு அதற்குப் போய்விடும். பழைய லேப்டாப் மெதுவாக எழுந்து வந்து மூன்றாம் நம்பரில் ஒதுங்கும். இந்த இரண்டு வாரமும் அம்மாவின் பாட்டைத் தேடி நான் தட்டியதெல்லாம் செல்வி ஆன்டியின் போனை. நான் போன் செய்து அணைத்துப் போடச் சொன்ன ஒவ்வொரு முறையும் கோளாறை நானே புதுப்பித்திருக்கிறேன்.

உங்களால்தான் ஆன்டி என்று சொல்ல வந்ததை விழுங்கிவிட்டேன். தம் வீட்டை விட்டுவிட்டு முதலில் எங்கள் வீட்டுக்கு ஓடிவருகிறவரிடம் எப்படிச் சொல்வது? அதுவும் பாதிதான் உண்மை. லேப்டாப்புக்கு இரண்டாம் நம்பரை நிரந்தரமாக ஒதுக்கி வைக்க மோடத்திலேயே வசதி இருக்கிறது. போன வருடம் நான் அதைச் செய்யவில்லை.

ஒதுக்கிவிட்டு மோடத்தை ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார்க்கலாம் என்று நினைத்தேன். அதற்குள் ஏதோ அப்டேட் வேண்டுமென்று லேப்டாப் அடம்பிடித்தது. அது முடிய மணி ஒன்றரை ஆகிவிட்டது. சேமித்த கையோடு முதல் இடி. ஆன்டி எழுந்தேவிட்டார்.

"கழட்டவா மா?"

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். 2.05 வண்டியைப் பிடித்தால்தான் நான்கு மணிக்கு முன் நான் ஃபிளாட்டில் இருக்க முடியும். ஆனால் மின்னலில் மோடம் போய்விட்டால் எல்லாமே போச்சு.

"கழட்டுங்க ஆன்டி. மழை விட்டதும் வழக்கம் போல நீங்களே சொருகுங்க. போனும் கையிலயே இருக்கட்டும்."

"போன் எதுக்கு?"

"சும்மா, ராசிக்கு."

மழை ஒரு மணி நேரம் பெய்தது. ஆன்டி ஓடிப்போய்த் தம் வீட்டுப் பிளக்கையும் கழற்றிவிட்டு, ஒரு தட்டு மீகூனோடு திரும்பி வந்தார். சாப்பிட்டேன், என்ன ருசி என்று சொல்லத் தெரியாது. 2.40க்கு அவர் பிளக்கைச் சொருகினார். பட்டியலைத் திறந்து வைத்துக் காத்திருந்தேன். 'குயின் செல்வி' முதலில் வந்தது. மூன்றாம் நம்பரில் நின்றது. இரண்டு காலியாகவே இருந்தது. ஒன்றரை நிமிடம் கழித்து லேப்டாப் வந்து அதில் உட்கார்ந்தது. போன் டேட்டாவில் திறந்தேன். திறந்தது. கவிதாவுக்கும் திறந்தது.

நிலையத்துக்குத் திரும்பக் கார் பன்னிரண்டு ரிங்கிட், மழை விட்ட நேரக் கட்டணம். 3.25 வண்டி. நான்கு மணிக்கு நான் ரயிலில்தான் இருப்பேன் என்பது உறுதியாகிவிட்டதால், உட்கார்ந்து இதைக் குறித்துக்கொண்டேன்.

இதே வேலையாகப் பயணம் போகிறவர்கள் காலை எட்டு மணிக்கே கிளம்புங்கள். மதியம் இடிக்கும், அதைக் கணக்கில் வையுங்கள். போகுமுன் சாவி வைத்திருப்பவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: நான் இல்லாதபோது நீங்கள் எதையெல்லாம் அணைத்துப் போடுகிறீர்கள்? நான் கேட்டிருந்தால் இந்தப் பயணம் ஒரு போன் காலில் முடிந்திருக்கும். சர்வர் கணினிக்கு மோடத்தில் நிரந்தர நம்பர் ஒதுக்குங்கள். சரியாகிவிட்டதா என்று வீட்டு வைஃபையில் சோதிக்காதீர்கள். அணைத்துப் போட்ட பிறகும் நிற்கிறதா என்று பார்க்காமல் வீட்டைப் பூட்டாதீர்கள். இன்னொரு பிரதி எடுத்து வையுங்கள். மழை விடக் காத்திருந்தபோது, லேப்டாப்பின் பிளக்கும் கழன்றிருந்ததால், பாட்டரி தாங்கிய வரை லேப்டாப்பிலிருந்து பென்டிரைவுக்கு இரண்டு ஒத்திகைகளை ஏற்றிக்கொண்டேன். தூரத்தில் இருந்துகொண்டு ஒரு வீட்டைச் சரிசெய்ய நினைக்கும்போது கம்பியையும் எண்களையும் மட்டுமே சந்தேகப்படுகிறோம். அந்த வீட்டுக்குள் தினமும் நம்மீது அக்கறையோடு நடமாடும் ஒருவர் நினைவுக்கே வருவதில்லை.

பாடாங் ஜாவாவில் வண்டி கொஞ்ச நேரம் நின்றுவிட்டது. 4.10க்கு, பத்து தீகா நிலையத்தைத் தாண்டும்போது, கவிதா அழைத்து ஸ்பீக்கரில் போட்டாள். ஷாலினி டேப்லெட்டில் ஒரு கிறிஸ்துமஸ் ஒத்திகையைத் தேடி எடுத்திருந்தார். பாடகர் குழு தொடங்கியது. முதல் வரியில் அம்மாவிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. இரண்டாம் வரியில் ஆண் குரல்கள் சுருதியிலிருந்து இறங்கின.

"மறுபடி."

டேப்லெட்டிலிருந்து வந்த குரல் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"ஏய், கேட்டியா டி? அம்மா! அம்மா சொன்னாங்க!" என்று கவிதா கத்தினாள். ஷாலினி அவளை அதட்டிவிட்டு, பாட்டை முதலிலிருந்து போட்டார். இரண்டாம் வரியில் அம்மா மீண்டும் நிறுத்தினார்.

அன்று அம்மா பாடவில்லை. அந்த ஒரு சொல்லை நான்கு முறை சொன்னார். நான் ஃபிளாட்டுக்கு வந்து சேர்வதற்குள், அடுத்த ஆறு வியாழக்கிழமைகளையும் எங்கள் பெயரில் குறித்துக்கொண்டு ஷாலினி போய்விட்டிருந்தார்.