நிச்சயதார்த்தத் தட்டில் ஒரு மிக்-21

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போயிருந்தேன். தட்டுகளில் பழம், பூ, பட்டுப்புடவை... நடுவே ஒரு போர் விமானம்!

என் கைங்கர்யம்தான். ப்ளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிக் குட்டி விமானம் செய்யும் என் பைத்தியம் உங்களுக்குப் பழைய செய்தி.

பெண்ணின் அப்பா தயாளன், ராயபுரத்தில் எனக்கு அடுத்த வீடு. காசிமேட்டில் விசைப்படகு வைத்திருக்கிறார். மாப்பிள்ளையின் அப்பா மாத்தூர்க்காரர். விமானப் படையில் மெக்கானிக்காக இருந்து ரிட்டயரானவர்.

"அந்த மன்சன் சிரிச்சு நான் பாத்ததே இல்ல சார். எம் பொண்ணு அந்த வூட்ல எப்டி இருக்கப் போவுதோ... பேஜாரா கீது. அவரு வேல பாத்த ப்ளேனு மிக்-21 எஃப்.எல்.லாம். அத்த ஒண்ணு செஞ்சு குடு சார். தட்டுல வெச்சா கொஞ்சமாவது சிரிப்பாரு."

இப்படிக் கேட்டால் மறுக்க முடியுமா?

கப்பலில் வேலை பார்க்கும் நண்பன் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்த மிக்-21 பெட்டி ஒன்று என்னிடம் இருந்தது. ஆனால் அது 'பிஸ்' வகை. என்ன பெரிய வித்தியாசம் என்கிறீர்களா? பிஸ்ஸுக்கு முதுகு புடைத்திருக்கும், எஃப்.எல்.லுக்கு ஒல்லி முதுகு. மூக்கின் மேல் ஊசி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் குழாய், எஃப்.எல்.லில் நட்டநடுவில், பிஸ்ஸில் வலப்பக்கம் தள்ளி. சாதாரண ஆள் கண்டுபிடிக்க மாட்டான். பார்க்கப்போவது சாதாரண ஆளா?

ப்ரவுசிங் சென்டரில் போட்டோக்களை ப்ரிண்ட் எடுத்தேன். குழாயை நடுவுக்கு மாற்றினேன். முதுகை உப்புத்தாளால் தேய்த்தேன்... தேய்த்தேன்... சாம்பாரில் ப்ளாஸ்டிக் தூள் என்று வீட்டில் சண்டை. ஒருவழியாக ஒல்லி முதுகு வந்தது. வெள்ளிக் கலர் அடித்து, விசேஷத்துக்கு முதல் நாள் காலையில் தயாளனிடம் கொடுத்தேன். காலிப் பெட்டியையும் சேர்த்துக் கொடுத்துத் தொலைத்தேன்.

மண்டபத்தில் பார்க்கிறேன் – விமானத்துக்கு முதுகு மறுபடியும் புடைத்திருக்கிறது! மூக்கில் சந்தனம், குங்குமம் வேறு.

"என்ன தயாளன் இது?" என்றேன், அடிக்குரலில்.

"பொட்டில படம் பாத்தேன் சார். முதுகு உப்பலா கீது. நீ குடுத்தது பள்ளமா இருந்துச்சு. அவசரத்துல ஜாஸ்தி தேச்சுட்ட போலன்னு, போட்டுல ஓட்ட அடைக்கற பட்டிய வெச்சு ரொப்பிட்டேன். உன்ன இன்னாத்துக்குத் தொந்தரவு பண்ணணும்?"

படகுக்காரர். பள்ளத்தைக் கண்டால் கை சும்மா இருக்குமா?

மாப்பிள்ளையின் அப்பா விமானத்தைக் கையில் எடுத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். முதுகைத் தடவினார்.

"மூக்கு எஃப்.எல்... முதுகு பிஸ்... இப்படி ஒரு விமானம் எந்த நாட்டுலயும் இல்லையே?"

தயாளன் முகம் செத்துவிட்டது. பார்க்கப் பாவமாக இருந்தது. பழியை நானே ஏற்றுக்கொள்ளலாம் என்று வாயைத் திறந்தேன்.

அதற்குள் மாப்பிள்ளையின் அப்பா விமானத்தை வால் பக்கம் திருப்பிவிட்டார். நம்பர் இருக்க வேண்டிய இடத்தில், சிவப்புப் பெயின்ட்டில், கொட்டை எழுத்தில் மணப்பெண்ணின் பெயர் – செல்வி.

"இது யார் எழுதினது?"

"நான்தான் சம்பந்தி. எம் போட்டுக்கும் அவ பேருதான். பேரு எழுதாம எத்தையும் வெளிய அனுப்பறதில்ல."

அவர் செல்வியைப் பார்த்தார். தயாளனைப் பார்த்தார். பிறகு சிரித்தார்... பல்லெல்லாம் தெரிய!

"இது என்ன மாடல்னு தெரியலைங்க. யார் வீட்டுதுன்னு நல்லாத் தெரியுது. தட்டை மாத்திக்கலாம்."

தயாளன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் ஒரு வார உழைப்பு பட்டிக்கு அடியில் புதைந்து கிடக்கிறதே என்ற வருத்தம் எனக்கு அந்த நிமிஷம் போய்விட்டது. வித்தியாசம் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். கண்டுபிடித்த பிறகு சிரிக்கத் தெரிந்தவர்கள்...?

விமானப் புத்தகங்களில் தேடாதீர்கள் – மிக்-21 செல்வி, உலகத்திலேயே ஒன்றுதான், மாத்தூரில் இருக்கிறது!