துவைகல்லோரம் முளைத்த மரம்

நான் ஒரு சந்தேகப் பிராணி. அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. விருதுநகரில் பருப்பு வியாபாரம் செய்த வீட்டில் பிறந்தவள். மூட்டையின் வாயில் இருப்பதைப் பார்த்து விலை பேசக் கூடாது, குத்தூசியை நடுவில் இறக்கி எடுத்துத்தான் பார்க்க வேண்டும் என்பார் அப்பா. சிவகாசியில் பட்டாசு கம்பெனி வைத்திருந்த குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகும் அந்தப் புத்தி என்னை விடவில்லை. தயிர்க்காரி தயிர் அளந்தால், அவள் கட்டைவிரல் படிக்குள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்றுதான் என் கண் போகும்.

அறுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் புழக்கடையில், துவைகல்லோரம் ஒரு கன்று தானாக முளைத்தது. சோப்புத் தண்ணீரைக் குடித்தே மளமளவென்று வளர்ந்து என் தலைக்கு மேலே போய்விட்டது. இலையைத் தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டும். வெள்ளைப் பூ காலையில் பூத்துச் சாயங்காலம் உதிர்ந்துவிடும். பிறகு கோலிக்குண்டைவிடச் சின்னதாகக் காய்கள் பிடித்துச் சிவந்தன. தெருவில் யாரைக் கேட்டாலும் பேர் தெரியவில்லை.

“பங்காளி வீட்டுக்காரிதான் மதிலுக்கு மேல விதைய வீசியிருப்பா” என்றார் என் மாமியார். எனக்கும் அப்படித்தான் பட்டது. அத்தையும் நானும் ஒத்துப்போன அபூர்வமான விஷயம் அது. வெட்டிவிடுங்கள் என்று நான் என் கணவரிடம் சொன்னேன். நிழலுக்கு நிற்கட்டும் என்றார் அவர்.

“காக்கா குருவியெல்லாம் திங்குது. விஷமா இருந்தா திங்குமா?” என்றும் கேட்டார்.

“குயிலுகூட அரளிப் பழத்தத் தின்னுட்டுக் கூவிக்கிட்டுத்தான் அலையுது. நீ தின்னா கூவுவியாலே?” என்றார் அத்தை. ஆனாலும் மரம் நின்றது.

அந்த ஐப்பசியில் தீபாவளி சீசன் முடிந்த கையோடு அடைமழை பிடித்துக்கொண்டது. கம்பெனி சும்மா கிடந்தது. அத்தை வளர்த்த இரண்டு ஆடுகளும் மரத்தை ஒட்டிய தாழ்வாரத்தில்தான் நிற்கும். குளிருமே என்று, கம்பெனியிலிருந்து வந்த காலிச் சாக்குகளை அவற்றின் காலடியில் விரித்துப் போட்டிருந்தார் அத்தை.

ஒருநாள் மதியம் மழை வெறித்திருந்தது. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தால், என் இரண்டரை வயது மகள் மரத்தடியில் நிற்கிறாள். வாயோரம் சிவப்புத் தோல் ஒட்டியிருக்கிறது, கை நிறையப் பழம். அவளுக்குப் பின்னால் ஒரு ஆடு தள்ளாடிக் கால் மடங்கி விழுந்தது. அதன் ஈறெல்லாம் கறுத்திருந்தது. சற்று நேரத்தில் செத்துப்போனது.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினேன். அத்தைதான் புளியைக் கரைத்துப் பிள்ளை வாயில் ஊற்றி, தொண்டையில் விரலை விட்டு வாந்தியெடுக்க வைத்தார். “பெத்தவளுக்குப் புள்ளயப் பாக்கத் துப்பில்ல” என்று திட்டிக்கொண்டே செய்தார். திட்டட்டும், பிள்ளை பிழைத்தால் போதும் என்று நின்றேன்.

பக்கத்துத் தெரு வைத்தியர் வந்தார். இலையைக் கசக்கி மோந்தார், பழத்தைப் பிதுக்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். “பேரு தெரிஞ்சால்ல மாத்து மருந்து சொல்லலாம்? தூங்க மட்டும் விடாதீக” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பொழுது சாயும்வரை அவள் கண்ணையும் நகத்தையும் ஈறையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். விளக்கு வைக்கிற நேரத்தில் சோறு கேட்டாள். அவளுக்கு எப்போதும் அப்பா கைச் சோறுதான் வேண்டும். கடைசி வாய் முடிந்ததும் அவர் விரல்களை ஒவ்வொன்றாகச் சூப்புவாள். அன்றும் சூப்பினாள். அதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மறுநாளே மரத்தை வெட்டினார்கள். இலை தழை ஒன்று விடாமல் கூட்டியள்ளி எரித்தார்கள். ஒரு கொப்பை மட்டும் நான் எடுத்து வைத்தேன். பேர் தெரியாமல் எனக்குத் தூக்கம் வராது.

விஷயம் கேள்விப்பட்டு அப்பா விருதுநகரிலிருந்து ஓடிவந்தார். வாடிப்போன கொப்பைப் பார்த்ததும் சிரித்தார். “நான் கொழும்புல கடை வச்சிருந்தப்ப வீட்டு வாசல்லயே நின்னுச்சு, தாயி. சின்னப் புள்ளைக பிடுங்கித் தின்னுக்கிட்டே இருக்கும். பேரு மறந்துபோச்சு, ஆனா இனிப்புப் பழம். இதுல விஷமே கிடையாது.”

அவர் பஸ் ஏறிய பிறகு அத்தை சொன்னார்: “மக மேல பழி வந்துரக் கூடாதுன்னு பேசுறாக.” எனக்குக் கோபம் வந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால், எனக்கும் அதே சந்தேகம் இருந்தது. அப்பா என்னைக் காப்பாற்றப் பொய் சொல்லக்கூடியவர்தான்.

மழை விட்டு, கம்பெனி மறுபடி ஓட ஆரம்பித்தது. ஒரு காலையில் இரண்டாவது ஆடும் அதே மாதிரி ஈறு கறுத்துச் செத்துக் கிடந்தது.

இப்போது மரம் இல்லை. ஒரு இலைகூட இல்லை. பங்காளி வீட்டு மதிலைப் பார்த்தேன், தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தேன். பிறகுதான் ஆட்டின் முகத்தைப் பார்த்தேன். ஈரச் சாக்கின் ஓரம் அதன் வாயில் இருந்தது, சப்பிச் சப்பி நார்நாராகியிருந்தது. சாக்கை விரலால் தேய்த்து நாக்கு நுனியில் வைத்தேன். உப்புக் கரித்தது. கூடவே ஒரு குளிர்ச்சி. உடனே துப்பி, வாயைக் கொப்பளித்தேன்.

மூட்டையை நம்பாத வீட்டில் பிறந்தவள் நான். சாக்கைக் கடைசியாகத்தான் பார்த்தேன்.

என் கணவரிடம் காட்டினேன். அவர் சாதாரணமாகச் சொன்னார்: “பட்டாசு மருந்துக்குச் சேக்குற வெடியுப்பு வந்த சாக்குதான். சரக்கு வந்தா நாக்குல வச்சுத்தான் பாக்குறோம். குளுகுளுன்னு இருந்தா நல்ல உப்பு. விஷம்னா நான் இருப்பேனா?”

“ஆடு நாள் முழுக்க நக்கியிருக்கே” என்றேன்.

அன்று சாயங்காலம் கம்பெனியிலிருந்து வந்து, கை கழுவி, தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டு மகளை மடியில் உட்கார வைத்தார். அவர் நகக்கண்களில் பட்டாசு மருந்தின் சாம்பல் நிறம் அப்படியே இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து பார்த்த நிறம்தான். பிள்ளையை மடியிலிருந்து வெடுக்கென்று தூக்கினேன்.

“கழுவிட்டுத்தான வந்தேன்?”

“இன்னொரு தடவை கழுவுங்க.”

புழக்கடைக்குப் போய், துவைகல்லில் சோப்புப் போட்டுத் தேய்த்தார். பக்கத்தில் வெட்டின அடிமரத்தில் அப்போதுதான் முளை முட்டிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி இரண்டு கைகளையும் என் முன்னால் நீட்டினார். குனிந்து மோந்து பார்த்தேன். சோப்பு வாசனைக்கு அடியில் கந்தகம் இருந்தது.

அந்தச் சோற்றை அப்புறப்படுத்திவிட்டு வேறு சோறு போட்டு வந்தேன். மகள் என் கையிலிருந்து வாங்கமாட்டேன் என்று வாயை இறுக மூடிக்கொண்டு, அப்பா கையையே பார்த்து அழுதாள். அவரும் தன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.