சுத்தமான பூஜ்யம்

எங்கள் வீட்டு மாடியில் துணி காயப்போடும் இடத்தில் நின்றால், சதுப்புக் காட்டுக்கு அப்பால் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கி தெரியும். அதன் உச்சியில் வெள்ளை வால் ஒன்று எப்போதும் மிதந்துகொண்டிருக்கும். வால் கடல் பக்கம் சாய்ந்தால் வெயில், எங்கள் பக்கம் திரும்பினால் மழை. இது என் மனைவியின் வானிலை அறிக்கை. போர்வை துவைப்பதா வேண்டாமா என்பதை அந்த வால்தான் தீர்மானிக்கும்.

நான் வேலை செய்தது அந்தப் புகைபோக்கியின் அடியில், நிலக்கரியை ஏற்றிச் செல்லும் பட்டைகளைக் கவனிக்கும் பிரிவில். விடியற்காலைப் பனிமூட்டத்துக்குள் வண்டி ஓட்டிப்போகும்போது, அந்த வால் இளஞ்சிவப்பாகி வானத்தில் கரையும். மேகம் செய்யும் பட்டறைக்குப் போகிறோம் என்று தோன்றும். கண்ணுக்குத் தெரிகிற வெள்ளையில் பெரும்பகுதி வெறும் நீராவி. உலகத்தைச் சூடாக்குகிற கரியமில வாயுவுக்கு நிறமே கிடையாது. தெரிந்தும் மேகம் என்றே நினைத்துக்கொள்வேன். சோறு போடுகிற இடத்தை அழகாக நினைப்பதில் என்ன நஷ்டம்?

அப்போதுதான் கேன்டீனில் ஒரு பேச்சு கிளம்பியது. பருவநிலைக்காக நிறுவனம் ஏதோ வாக்குறுதி கொடுக்கப்போகிறதாம், நிலக்கரியை நிறுத்தப்போகிறார்களாம். மற்றவர்கள் தேநீரை ஆற்றிக் குடித்தார்கள். ஓய்வு வயதுக்கு இன்னும் பல வருடங்கள் மிச்சமிருந்த நான், அன்று மாலையே மாற்றுத் தொழில் தொடங்கிவிட்டேன். பீசாங் கோரேங். வாழைப்பழத்தை மாவில் முக்கி எண்ணெயில் போடவேண்டியதுதானே! எண்ணெய் காய்கிற நேரத்தில் எனக்குக் கனவு வந்துவிட்டது. எங்கள் தாமான் குடியிருப்பின் முனையில் பெரிய குடை, குடையடியில் நான், ஸ்கூடாய் வரைக்கும் கார் வரிசை. கனவு கலைந்தபோது சமையலறைக் கூரை கறுத்திருந்தது.

"கம்பெனி புகையைக் குறைக்குதாம். நீங்க வீட்டுல கூட்டுறீங்களா?" என்றாள் மனைவி.

குடும்ப நாளன்று மின் நிலையத் திடலில் பந்தல் போட்டு, நிறுவனம் தன் வாக்குறுதியை அறிவித்தது. பேசியவர் எங்கள் மேலாளர், மலாய்க்கார அம்மா. புவான் என்றுதான் அவரை அழைப்போம். கூட்டத்தைச் சிரிக்க வைப்பவன் என்று பெயரெடுத்திருந்ததால், அவர் மலாயில் பேசுவதைத் தமிழில் சொல்லும் வேலை எனக்கு வந்தது. அங்கிருந்த எல்லோருக்கும் மலாய் தெரியும். ஆனாலும் மரியாதை என்று ஒன்று இருக்கிறதே! மலாய்க்கு ஒருமுறை தலையாட்டிவிட்டு, தமிழுக்கு இன்னொருமுறை ஆட்டக் காத்திருந்தார்கள்.

புவான் 'சிஃபார் பெர்சே' என்றார். சிஃபார் என்றால் பூஜ்யம். இந்த இடத்தில் பெர்சே என்றால் நிகரம், அதாவது விடுகிற புகையிலிருந்து ஈடுகட்டுகிற புகையைக் கழித்தால் மிஞ்சுவது. ஆனால் தெருவில் பெர்சே என்றால் சுத்தம். அவசரத்தில் என் வாய்க்குத் தெருதான் அகப்பட்டது.

"நம்ம கம்பெனி போகப்போக சுத்தமா பூஜ்யம் ஆயிடும்!" என்று ஒலிபெருக்கியில் முழங்கினேன்.

பந்தல் துணி காற்றில் உப்பி அடங்கியது. என் பிரிவிலேயே வேலை செய்யும் நண்பன் கோழித் துண்டைத் தட்டில் வைத்தான்.

"அலமாக்! சுத்தமாவா? கொஞ்சம்கூட மிச்சம் வைக்கமாட்டாங்களா?"

புவான் பொறுமையாக விளக்கினார். குறைக்க முடிந்த புகையைக் குறைப்பார்கள். முடியாததற்கு ஈடாகக் கடலோரச் சேற்றில் பாக்காவ் என்கிற அலையாத்தி மரக் கன்றுகள் நடுவார்கள். இந்த முறை ஒழுங்காகச் சொன்னேன்.

"அப்ப புரட்டாசில சைவம், ஐப்பசில ஆடு. அந்த மாதிரிதானே மச்சான்?" என்றான் நண்பன்.

என்ன சொல்கிறார் என்று புவான் என்னைக் கேட்டார். மரம் நடுவது நல்லது என்கிறார் என்றேன்.

அப்போது என் மனைவி எழுந்தாள். "நிலக்கரி யூனிட்ட மூடிட்டா எங்க வீட்டுக்காரருக்கு வேலை இருக்கா இல்லையா? அதக் கேளுங்க."

இத்தனை நாளும் நான் யாரிடமும் கேட்காத ஒரே கேள்வி அது. கேட்டால் பதில் வந்துவிடுமே! புவான் பக்கம் திரும்பி மலாயில் சொன்னேன்: "புகைபோக்கிக்கு என்ன வர்ணம் அடிக்கப்போறீங்கன்னு கேக்குறாங்க."

இரண்டு மொழியும் தெரிந்த பந்தல் முழுவதும் வெடித்துச் சிரித்தது.

"இவர நம்பி மைக்கக் கொடுத்தாங்க பாருங்கலா!" என்று சொல்லிவிட்டு, மனைவி அதே கேள்வியை நல்ல மலாயில் தானே கேட்டாள்.

புவான் சிரிக்கவில்லை. உங்கள் கணவர் ஓய்வு பெறுமுன்பே அந்த யூனிட் மூடப்படும் என்றார். யோங் பெங் பக்கம், பழைய செம்பனை நிலத்தில் சூரிய ஒளித் தகடுகள் போடப்போகிறோம். எல்லோருக்கும் அங்கே இடம் இருக்குமா என்று இன்று சொல்ல முடியாது. பயிற்சிக்கு முதலில் வருகிறவர்களுக்கு முதல் இடம். இதைத் தமிழில் சொல்லும்படி யாரும் என்னைக் கேட்கவில்லை. கடலிலிருந்து காற்று வந்தது. உச்சியில் வெள்ளை வால் யாருடைய வேலையையும் பற்றிக் கவலைப்படாமல் நீந்திக்கொண்டிருந்தது. பதில் வந்த பிறகு பயத்துக்கு உட்கார இடமில்லாமல் போனது வேடிக்கைதான்.

யார் வருகிறீர்கள் என்றார் புவான். மைக்கோடு என் கை மேலே போனது. வீரம் என்று எழுத ஆசை. முழங்கையைத் தூக்கிப் பிடித்திருந்தது, கூட்டத்திலிருந்து என் பக்கத்தில் வந்து நின்ற மனைவி.

இடம் கிடைத்தது. இப்போது யோங் பெங்கில் தகடுகளுக்கு நடுவே நடக்கிறேன். காலைப் பனியில் அவை ஆடாத குளம் போலக் கிடக்கும். அடியில் வளரும் புல்லை மேய ஆடுகள் விட்டிருக்கிறார்கள். ஐப்பசியில், என்னோடு பயிற்சிக்கு வந்து இங்கேயே வேலைக்குச் சேர்ந்த நண்பன் அவற்றைப் பார்க்கிற பார்வை சரியில்லை. நிறுவனத்தின் வாக்குறுதி முழுதாக நிறைவேறுமா என்பது எனக்குத் தெரியாது. நட்ட கன்றுகளில் சில வேர் பிடித்தன, சிலவற்றை அலை கொண்டுபோனது. ஆனால் எங்கள் புகைபோக்கி புகைவதை நிறுத்திவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை மாடியில் மனைவி ஈரப் போர்வையோடு நின்றாள். வாலில்லாத புகைபோக்கியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"என்னங்க, மழை வருமா?"

விரலை நாக்கில் நனைத்துக் காற்றில் உயர்த்தினேன். கண்ணை மூடிக்கொண்டேன். "வராதும்மா. கடல் பக்கம்தான் போகுது. தைரியமா போடு."

மத்தியானம் பிடித்த மழையில் போர்வைகள் சொட்டச் சொட்ட, அவள் கீழே இறங்கி வந்தாள்.

"சூரியன்கிட்ட வேலை பாக்குறீங்க. மழை வர்றது தெரியலையே. சுத்தமா பூஜ்யம்லா நீங்க!"