‘போறேன்’ என்று பாடியவன்

ராசிபுரத்தில் என் ரேடியோ கடைக்கு எதிரே போன வாரம் ஒரு லாரி வந்து நின்றது. எங்கள் குழுவில் டிரம் வாசித்த குமரேசன் இறங்கி வந்தான். “அண்ணா, செல்லமுத்தண்ணன் பட்டறைல நெஞ்சப் புடிச்சுட்டு உக்காந்தாருங்க. அப்புறம்…” என்று நிறுத்திக்கொண்டான். ‘போயிட்டாரு’ என்று சொல்ல வேண்டிய இடம் அது. அந்தச் சொல் எங்கள் வாயில் வராது. எங்கள் ‘ஏர்ஹாரன்’ குழுவின் பாட்டைக் கேட்டவர்களுக்குக் காரணம் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் செல்லமுத்துவுக்கு வேலை. பகலெல்லாம் சுத்தியல், பொழுது சாய்ந்தால் பாட்டு. நான் எலெக்ட்ரிக் கிடார் வாசிப்பேன். திருவிழாவில் சினிமாப் பாட்டை எதிர்பார்த்து வந்தவர்கள் எங்கள் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொள்வார்கள். “பொத்துனாலும் உள்ள எறங்கோணும்டா, அதான் நம்ம பாட்டு” என்பான் செல்லமுத்து.

இருபது வருஷத்துக்கு முன்பு, எழுபதுகளின் தொடக்கத்தில் அவன் ஒரு பாட்டு கட்டினான். லாரிக்காரன் வீட்டைவிட்டுக் கிளம்புகிறான்; ‘போறேன், போறேன்’ என்பது பல்லவி. எங்கள் பக்கம் தெருமுனைக் கடைக்குக் கிளம்புகிறவன்கூட ‘வாரேன்’ என்றுதான் சொல்வான். “சொல்லக் கூடாதத சத்தமாச் சொன்னாத்தான்டா கேப்பாங்க” என்றான். இளரத்தம், எனக்கும் அது சரியாகவே பட்டது. சேலத்தில் ஒரு சின்ன அறையில் டேப்பில் பதிவு செய்தோம்.

அப்போது டிரம் வாசித்தவன் குமரேசனின் அண்ணன் முருகேசன். லாரி ஓட்டுவது அவன் தொழில். பதிவு முடிந்த கையோடு வடக்கே லோடு ஏற்றிக்கொண்டு புறப்பட்டான். கேபினிலிருந்து தலையை நீட்டி, எங்களைப் பார்த்து ‘போறேன், போறேன்’ என்று பாடிச் சிரித்தபடியே போனான். மலைப்பாதையில் லாரி கவிழ்ந்து, பிணமாகத்தான் வந்தான். அவன் அம்மா செல்லமுத்துவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “ஏஞ் சாமி, வாரேன்னு பாட்டுக் கட்டக் கூடாதா?” அதோடு அந்தப் பாட்டை விட்டோம்.

எண்பதுகளில் சென்னையிலிருந்து ஓர் இசைத்தட்டுக்காரர் பழைய டேப்பைக் கேட்டுவிட்டு வந்தார். அந்த ஒரு பாட்டை மட்டும் புதிதாகப் பதிந்து சின்னத் தட்டாகப் போடலாம் என்றார். செல்லமுத்து மாட்டேன் என்றான். குமரேசன் விடவில்லை. “எங்கண்ணன் பேரு தட்டுல வரோணுமுங்க. நானே அடிக்கிறேன்” என்றான். அவனும் லாரிதான் ஓட்டினான். செல்லமுத்து என்னைத் தனியே இழுத்து, “அந்தம்மாளுக்கு வேற புள்ள இல்லடா” என்றான். பல்லவியை மாற்றலாமா என்று கேட்டுப் பார்த்தான். அந்த வரிதான் பாட்டே என்றார் தட்டுக்காரர். குமரேசனின் பிடிவாதத்துக்காகக் கடைசியில் ஒத்துக்கொண்டான்.

பதிவறையில் எனக்கு விரல் வேர்த்து கம்பி வழுக்கியது. குமரேசன் அண்ணனைப் போலவே தலையை ஆட்டி வாசித்தான். அவனைப் பார்க்கவே பயமாக இருந்தது. கடைசி அடி ஓய்ந்ததும் செல்லமுத்து, டேப் நிற்பதற்குள் மைக்கில் குனிந்து, “போயிட்டு வாரோமுங்க” என்றான். தட்டுக்காரர் கத்தினார். மறுபடி எடுத்தார்கள், மறுபடியும் சொன்னான். கடைசியில் அப்படியே தட்டு வந்தது. பிறகு மேடைகளில் பாட்டு முடிந்ததும் கூட்டமே, “போயிட்டு வாங்க!” என்று திருப்பிச் சொல்லும்.

அப்படியும் செல்லமுத்துவுக்குப் பயம் தெளியவில்லை. குமரேசன் லோடு ஏற்றிக் கிளம்பும்போதெல்லாம் லாரிக்கு முன்னால் போய் நிற்பான். “ஏனுங்கண்ணா, நேரமாச்சுங்க.” “சொல்லிட்டுக் கெளம்பு.” அவன் ‘வாரேன்’ என்ற பிறகுதான் வழிவிடுவான்.

துக்கத்துக்குப் போயிருந்தபோது செல்லமுத்துவின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: “காலைல எங்கிட்ட வாரேன்னுதானுங்க சொல்லிட்டுக் கெளம்புனாரு. அப்புறம் ஏனுங்க வரல?”

‘வாரேன்’ என்ற சொல் யாரையும் காப்பாற்றாது என்று இப்போது எனக்குத் தெரியும். ஆனால் செல்லமுத்துவின் பயம் என்னிடம் வந்துவிட்டது. அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியதும் அதுதான். நேற்று என் மகள் பள்ளிக்கு ஓடும் அவசரத்தில், “போறேம்ப்பா” என்றாள். வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். பஸ் ஹாரன் அடித்தது. அவள் அழுதாள். சொல்லும்வரை நான் நகரவில்லை.