யூத மதமும் எங்கள் வீட்டுச் சைவச் சட்டியும்

பிள்ளைக்குப் பரீட்சை வந்தால் படிப்பது பெற்றோரின் வேலை என்பது, அந்த வேலையில் மாட்டிக்கொண்ட உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. எங்கள் மகள் அபிராவுக்கு இம்முறை சமயப் பாடத்தில் யூத மதம். பெயிலானால் கோடைகால வகுப்பு. அதே வாரம்தான் ரொறொன்ரோவில் என் தங்கை மகளின் கல்யாணம். தாய்மாமன் நான் இல்லாமல் மணவறையில் ஒன்றும் அசையாது என்று எல்லோருக்கும் நானே சொல்லி வைத்திருந்தேன்.

வீட்டு நிபுணர்

என் மனைவி வசந்தி புத்தகத்தைப் பார்க்காமலே பாடம் எடுப்பாள். யூதர்கள் பாலுக்கும் இறைச்சிக்கும் வேறு வேறு பாத்திரம் வைத்திருப்பார்கள் என்று அபிரா வாசித்ததும் வசந்திக்கு ஒரே சந்தோஷம். எங்கள் வீட்டிலும் சைவச் சட்டி ஒன்று, மீன் இறைச்சி காய்ச்ச மச்சச் சட்டி ஒன்று. மாறிப் பிடித்தால் எனக்குத்தான் ஏச்சு. ஓய்வு நாள் வெள்ளி மாலை விளக்கேற்றித் தொடங்கும் என்றது அடுத்த பக்கம். பிறகு கேட்க வேண்டுமா? அன்றைய விருந்தில் கோழி என்று அபிரா வாசிக்க, வசந்தி புத்தகத்தை மூடிவிட்டாள்.

“வெள்ளிக்கிழமை விளக்கும் கொளுத்திப்போட்டு ஆராவது மச்சம் தின்னுவினமோ? அச்சடிச்சவங்கள் பிழை விட்டிட்டாங்கள். நீ சைவமெண்டு எழுது.”

வேலையிட நிபுணர்

எனக்குச் சந்தேகம். எங்கள் நகரத்துக் கோட்-டெ-நெய்ஜ் ஆஸ்பத்திரியில் என்னோடு நோயாளிகளின் கட்டில் தள்ளும் டேவிட் யூதர். மகளின் பரீட்சையையும் கோடைகால வகுப்பையும் சொல்லி, வெள்ளி இரவு என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டேன். ஹொக்கி பார்த்துக்கொண்டு சீஸ் பீட்சா என்றார். சைவம்தான்! வசந்திக்கு அப்போதே போன் போட்டுச் சரி என்று சொல்லிவிட்டேன். பிறகு அவர், காவடி ஏன் எடுக்கிறீர்கள் என்று என்னைக் கேட்டார். நான் சாப்பாட்டுப் பெட்டியை மிகவும் கவனமாகத் துடைத்தேன். டேவிட் சிரித்தார்.

“பரவாயில்லை, கோடைகால வகுப்பு நம் இரண்டு பேருக்கும்தான் தேவை.”

பரீட்சை

ஓய்வு நாள் விருந்தை விவரிக்கச் சொல்லிக் கேள்வி வந்தது. மெழுகுதிரி, ரொட்டி, திராட்சை ரசம் எல்லாம் சரியாக எழுதிய அபிரா, அன்றைக்கு யூதர்கள் மச்சச் சட்டியைத் தொடவே மாட்டார்கள் என்று அரைப்பக்கம் விளக்கியிருந்தாள். பெயில். ஆசிரியை எங்களைக் கூப்பிட்டு, இந்த மதம் எந்த நாட்டில் இருக்கிறது என்று உண்மையான அக்கறையோடு விசாரித்தார். எனக்கு அழுகையே வந்தது. அந்தக் கல்யாணப் பெண் நான் தூக்கி வளர்த்த பிள்ளை. கோடைகால வகுப்புக்காக அபிராவோடு வீட்டில் யார் நிற்பது என்று திரும்பி வரும்போது மெட்ரோவில் வசந்தியைக் கேட்டேன்.

“ஓம், சொன்னது நான்தான். விசாரிச்சுப்போட்டுச் சரியெண்டு சொன்னது ஆர்? நீங்களே நில்லுங்கோ, நான் சீலை எடுத்திட்டன்.”

ஆக, தாய்மாமன் இல்லாமலே ரொறொன்ரோவில் கல்யாணம் ஒரு குறையுமின்றி நடந்து முடிந்தது.