நான் எழுதிக் கொடுத்த டிஸ்ப்யூட் ஃபாரம்

போன சனிக்கிழமை காலை, ஷார்ஜாவில் ஒரு பேங்க்கில் உட்கார்ந்திருந்தேன். ஏசி ஜில்லென்று ஓடுகிறது. எனக்கோ முதுகெல்லாம் வியர்வை. பக்கத்தில் செல்வராஜ். முகத்தில் ஈயாடவில்லை.

செல்வராஜ் ரோலா ஏரியாவில் எங்கள் பில்டிங்கில், மேல் மாடி பேச்சிலர் ரூமில் இருப்பவன். பெரம்பலூர் பக்கம். ஏசி கம்பெனியில் ஃபோர்மேன். இரண்டு மாதம் முன்னால் கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட்டோடு என்னிடம் வந்தான்.

"அண்ணே, ஏதோ ஃபாரின் கம்பெனி பேர்ல மூணு தடவ காசு எடுத்திருக்கான். நான் எதுவும் வாங்கலண்ணே. பேங்க்ல ஆட்சேபம் சொல்றதுக்கு இந்த டிஸ்ப்யூட் ஃபாரத்தக் கொடுத்தாங்க. நீங்கதான் எழுதித் தரணும்."

பில்டிங்கில் யாருக்கு இங்கிலீஷில் எது எழுத வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். எனக்கும் அதில் ஒரு பெருமை... மறைப்பானேன்? ஒரு கேள்வி கேட்காமல் எழுதித் தள்ளினேன். 'இந்தப் பணத்தை நான் செலுத்தவில்லை. என் கார்டை யாரோ திருட்டுத்தனமாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.' அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு கெத்துக்காக இன்னொரு வரியும் சேர்த்தேன் – 'போலீஸ் விசாரணைக்கும் நான் தயார்.'

செல்வராஜ் கையெழுத்துப் போட்டான். பேங்க், தற்காலிகமாகப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. எனக்குப் பிரியாணி கிடைத்தது.

அந்தச் சனிக்கிழமைக்கு இரண்டு நாள் முன்னால் பேங்க்கிலிருந்து அவனுக்குப் போன். நேரில் வரச் சொன்னார்கள். அப்போதுதான் என்னிடம் உண்மையைக் கக்கினான். அந்த ஃபாரின் கம்பெனி – ஆன்லைன் கேசினோ!

"விளையாண்டது நாந்தாண்ணே. ஜெயிச்சேன். ஜெயிச்சதத் தரமாட்டேங்கிறான். அதான், கட்டுன காசையாவது பேங்க் மூலமா புடுங்கிரலாம்னு..."

சூதாட்டம் இந்த நாட்டில் குற்றம். அதை மறைத்து பேங்க்குக்குப் பொய் எழுதிக் கொடுத்தது இன்னொரு குற்றம். போலீஸ், ஜெயில், விசா கேன்சல்... அடுத்த மாதம் அவனுக்கு லீவு. பிறந்து எட்டு மாதமாகியும் பார்க்காத மகளைப் பார்க்கப் போகிறான். போக விடுவார்களா?

சரி, விளையாடியது இவன்தான் என்று பேங்க்குக்கு எப்படித் தெரியும்? அந்த ஒரு நம்பிக்கையில்தான் கூடப் போனேன்.

கவுன்டர் மேடம் மும்பைக்காரர். ஃபைலைத் திறந்து, பேங்க் கேட்டதற்குக் கேசினோக்காரன் அனுப்பிய பதிலை ஒவ்வொரு தாளாக எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். செல்வராஜின் பாஸ்போர்ட் காப்பி. விசா பக்கம். கார்டின் முன்பக்கம், பின்பக்கம். கீழே அவனுடைய கையெழுத்து.

ஜெயித்த பணம் வேண்டுமென்றால் இதெல்லாம் அனுப்பு என்று கேட்டானாம். இவனும் ஸ்கேன் பண்ணி அனுப்பிவிட்டானாம்! இங்கே சிம் கார்டுக்குப் பாஸ்போர்ட் காப்பி, பெட் ஸ்பேஸ் என்கிற கட்டில் வாடகைக்குப் பாஸ்போர்ட் காப்பி... எவன் கேட்டாலும் யோசிக்காமல் நீட்டிவிடுகிறோமே, அந்தப் பழக்கம்.

மேடம் ஃபாரத்தின் கடைசி வரியை நிதானமாக வாசித்தார். "போலீஸ் விசாரணைக்குத் தயார் என்று எழுதியிருக்கிறீர்கள். அனுப்பட்டுமா?"

நான் எழுதிய வரி! "மேடம், ப்ளீஸ் மேடம்... கம்ப்ளைன்ட் மாஃபி, கலாஸ் மேடம்..." என்று செல்வராஜ் அரபி, இங்கிலீஷ் எனத் தெரிந்த பாஷையெல்லாம் கலந்து, புகாரே வேண்டாம், முடித்துவிடுங்கள் என்று கெஞ்சினான்.

மேடம் அந்தத் தாள்களை அடுக்கி ஓரமாக வைத்தார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தினார். புகாரைத் திரும்பப் பெறுகிறேன், பேங்க் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கட்டிவிடுகிறேன் என்று அவர் சொல்லச் சொல்ல, இவன் எழுதினான். கோணல்மாணலாக வந்தது. அந்தத் தாளையும் ஃபாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார் மேடம்.

"இந்த ஃபாரத்தை எழுதியது நீங்கள் இல்லை. யார்?"

என் விசாவும் இதே நாட்டு விசாதானே?

செல்வராஜ் என் பக்கம் திரும்பவே இல்லை. "டைப்பிங் சென்டர்ல ஃபாரம் எழுதித் தர்ற ஒருத்தர் மேடம். இருபது திர்ஹம் வாங்கினார்" என்றான்.

வாரா வாரம் இந்தப் பத்தியில் உங்களுக்கு நியாய அநியாயம் சொல்கிற நான் என்ன செய்தேன் தெரியுமா? சுவரில் மாட்டியிருந்த வட்டி விகிதப் பட்டியலை, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்து முடித்தேன்.