சார்ஜ் ஏறும் வரை சொந்தக்காரன்

வாடகைக் கார் ஓட்டுகிறவனுக்குத் தேய்கிற உறுப்புகள் இரண்டு: இடது முட்டி, பொறுமை. எனக்குப் பொறுமை ஆரம்பத்திலேயே கிடையாது. அதனால் முட்டி மட்டும் தேய்ந்தது.

நாற்பத்தோரு வருஷம் புதுக்கோட்டை ஸ்டாண்டில் டீசல் வண்டி. கிளட்ச் மிதித்து மிதித்து முட்டி போனது. இனிமேல் கிளட்ச்சைத் தொடக்கூடாது என்றார் டாக்டர். வீட்டில் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தால் எனக்கு ஆகாது. கிளட்ச் இல்லாத வண்டி எது என்று கேட்டேன். மின்சாரக் கார் என்றார்கள். வாங்கிவிட்டேன். என்னைப் போலவே வாங்கிவிட்டு, சாலையைப் பார்க்காமல் பெர்சென்ட்டைப் பார்த்து ஓட்டும் புண்ணியவான்களே, இது உங்களுக்காக.

ஒரே நிபந்தனை

வண்டி வந்த அன்று நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியாயிற்று. என் வீட்டுக்காரி சிவகாமி வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தாள். புகைபோக்கி எங்கே என்றாள். இல்லை என்றேன். டீசல் தீர்ந்தால் கேனில் வாங்கி வரலாம், கரண்டை எதில் வாங்கி வருவீர்கள், தூக்குச்சட்டியிலா என்றாள். கேள்வி நியாயமானது. அதனால் சத்தம் போட்டேன்.

அவள் சத்தம் போடவில்லை. அதுதான் பயம். எலுமிச்சம்பழச் சக்கையைப் பெருக்கிக்கொண்டே சொன்னாள்:

"ஒரே ஒரு தடவ கயித்தக் கட்டி இழுத்துட்டு வந்தீங்கன்னு கேள்விப்பட்டேன், அன்னிக்கே சாவி எங்கிட்ட வந்துரணும். அப்புறம் வண்டியும் கெடையாது, ஸ்டாண்டும் கெடையாது."

சரி என்று தலையாட்டினேன். ஆட்டியிருக்கக் கூடாது.

காலை வேலை

ஸ்டாண்டில் காலை ஆறரை மணிக்கு எல்லா வண்டியும் பேனட்டைத் திறந்து நிற்கும். ரேடியேட்டருக்குத் தண்ணீர், ஆயில் பார்ப்பது, பெல்ட்டைத் தட்டுவது. கை வேலை பார்க்கும், வாய் ஊர்வம்பு பேசும். நாற்பத்தோரு வருஷம் அப்படித்தான் பொழுது விடிந்தது. புது வண்டியில் பார்க்க ஒன்றும் இல்லை. கண்ணாடி கழுவும் தண்ணீர் ஊற்றினால் முடிந்தது. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

ஆவூர்க்காரன் ஆரோக்கியம் எனக்கு அடுத்த வண்டி. இருபது வருஷமாக என் பக்கத்தில் நிற்கிறவன், டீசல் பக்தன். நாலு நாள் என்னை ஓரக்கண்ணால் பார்த்தான். ஐந்தாம் நாள் கையில் கரித்துணியோடு வந்து, அதை என் தோளில் போட்டான்.

"அண்ணே, சும்மாவாச்சும் பேனட்டத் தொறந்து எட்டிப் பாருங்கண்ணே. நீங்க இப்படி மாப்பிள்ள மாதிரி நின்னா எங்களுக்கு வேல ஓட மாட்டேங்குது."

மறுநாளிலிருந்து நானும் திறந்து வைத்துப் பார்க்கிறேன். எதைப் பார்க்கிறேன் என்று யாரும் கேட்கவில்லை.

தலைமையாசிரியர்

ரிட்டயரான தலைமையாசிரியர் ஒருவர் பொன்னமராவதி போக ஏறினார். ஸ்டார்ட் பண்ணுங்க என்றார். பண்ணியாச்சு என்றேன். நம்பவில்லை. வண்டி நகர்ந்த பிறகும் நம்பவில்லை. ஊரைத் தாண்டியதும் என் தோளைத் தட்டினார். "இந்தாப்பா, டீசல் மிச்சம் பிடிக்க இறக்கத்துல இஞ்சின அமத்திப்புட்டு ஓட்டுறவங்கள எனக்குத் தெரியும். என் உசுரு என்ன, ஒனக்கு வெளையாட்டா?"

கரண்டு வண்டி சார், சத்தம் வராது என்றேன். எனக்கு ஒரு தடவைதான் சொல்ல வரும். அவருக்கு ஒரு தடவை போதவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்து வந்தார். அடுத்து ஓர் ஏற்றம் வந்தது. வண்டி அதே அமைதியோடு விறுவிறுவென்று ஏறியது. மனிதர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்கண்ணாடி வழியாக எட்டி எட்டிப் பார்த்தார்.

"இஞ்சின் ஓடல. சரி. அப்ப இந்த மேட்டுல நம்மளத் தள்ளுறது யாருப்பா?"

கடைசி வரை இருந்தவன்

இந்த வண்டியில் ஒரு கஷ்டம். போன இடத்தில் சார்ஜ் ஏற்ற வேண்டும். என் தொழிலில் அதுவரை நான் வாடகை போன எந்த வீட்டுக்குள்ளும் நுழைந்ததில்லை. வாசலில் வண்டி, வண்டிக்குள் நான், அரை மணிக்கு ஒரு ஹாரன். இப்போது பிளக் தேடி முதல் ஆளாக உள்ளே போகவேண்டியதாயிற்று.

இலுப்பூர் பக்கம் ஒரு சாவு வீட்டுக் கேதத்துக்கு ஆள் ஏற்றிப் போனேன். வீட்டுப் பையன் ஒருத்தனிடம் கேட்டு, பக்கத்து அறையில் இருந்த பெரிய பிளக்கில் சொருகினேன். டப் என்றது. ஐஸ் பெட்டி நின்றது. பெரியவர் படுத்திருந்த பெட்டியில் விளக்கு அணைந்ததும், ஒப்பாரி ஒரு நொடி நின்று, இரட்டிப்பாகக் கிளம்பியது. நானே ஸ்டூலில் ஏறி ஃபியூஸ் போட்டேன். பிளக்கை எதிர்வீட்டுக்கு மாற்றினேன். யாராவது அடிப்பார்கள் என்று பார்த்தேன். மோர் கொடுத்தார்கள்.

மூன்று மணி நேரம் ஆகும். வயர் தெரிகிற மாதிரி பந்தலில் முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன். கேதத்துக்கு வருகிற ஆம்பளைகள் வரிசையாக வந்து, நெருங்கிய சொந்தம் உட்காரும் முதல் பெஞ்சுக்குக் கை கொடுத்தார்கள். என் கையையும் பிடித்தார்கள். என்ன செய்ய, நானும் கொடுத்தேன். ஒருத்தர் என் மேல் சாய்ந்து அழுதார், தட்டிக்கொடுத்தேன். பாடைத் தேர் கட்டக் கயிறு பிடிக்க ஆள் இல்லை என்றார்கள், பிடித்தேன். சுடுகாடு வரை போய் வந்த பிறகும் எண்பது பெர்சென்ட்தான். செத்தவரின் தங்கச்சி தூணில் சாய்ந்தபடி என்னைக் காட்டிப் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது காதில் விழுந்தது:

"எங்க வீட்டு மாப்பிள்ளையே பாதியில எந்திருச்சுப் போயிட்டாரு. யாரு பெத்த புள்ளையோ, இந்த மனுசன் கடைசி வரைக்கும் இருந்தாருடி."

கேத வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது. நல்லதாகப் போயிற்று. சொல்லியிருந்தால் எந்த முறை என்று கேட்டிருப்பார்கள்.

இரண்டாவது கேசரி

பெண் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. கேசரி, பஜ்ஜி, காபி. பெண் வந்து கும்பிடுவாள். "ஊருக்குப் போய்க் கலந்துக்கிட்டு போன் பண்றோம்." கிளம்பிவிடுவார்கள். நாற்பது நிமிஷம். இந்த வாடகை அப்படித்தான் பேசினோம். மாப்பிள்ளை, அவன் அப்பா, அம்மா, மூன்று பேர். பொன்னமராவதி தாண்டி ஒரு கிராமம். காலையில் ஏற்கெனவே திருச்சி போய் வந்த வண்டி, பதினெட்டு பெர்சென்ட்தான் இருந்தது. பெண் வீட்டுப் பெரிய பிளக்கில் மாட்டினேன்.

அரை மணியில் மாப்பிள்ளையின் அப்பா வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். பொண்ணு பையனை விட உசரமாம், அம்மாவுக்குப் பிடிக்கவில்லையாம், சட்டென்று வண்டியை எடுக்க வேண்டுமாம். இரண்டு மணி நேரம் ஆகும் என்றேன். அவர் என் மீட்டரைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், திரும்பிப் போய் அதே நாற்காலியில் உட்கார்ந்தார். மழையைப் பற்றிப் பேசினார்கள். போர்வெல் எத்தனை அடி என்று பேசினார்கள். அதுவும் தீர்ந்தது. இரண்டாவது கேசரி வந்தது. உள்ளே குக்கர் ஏறியது.

பொண்ணு பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் டீச்சர். வெளியே வந்தாள், சார்ஜரில் கண் வைத்தாள், வோல்டேஜ் கம்மி என்றாள், உள்ளே போய் ஏ.சி.யை அணைத்தாள். வியர்த்துக் கொட்டி மாப்பிள்ளை வெளியே வந்தான். இரண்டு பேரும் வண்டியின் அந்தப் பக்கம் நின்று என்னென்னவோ பேசினார்கள். நான் சீட்டைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டேன். தூங்கினேன் என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். அவள் ஏதோ சொல்ல, அவன் சிரித்த சிரிப்பில் வண்டி ஆடியது. பாக்குத் தட்டு மாற்றாத குறையாகத்தான் அன்று கிளம்பினோம். திரும்பும் வழியில் திருமயம் தாண்டினோம். அப்புறம் மாப்பிள்ளையின் அம்மா, யாரும் கேட்காமலே சொன்னது:

"உசரமா இருந்தா என்னங்கறேன்? பரண்ல கெடக்குற பித்தள அண்டாவ ஸ்டூல் போடாம எறக்குவால்ல?"

மீன் வண்டி

இனி என் கதை. உங்களுக்கு நடந்திருந்தால் நீங்கள் வெளியில் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பாயைத் திருச்சி ஏர்போர்ட்டில் ஏற்றிக் கோட்டைப்பட்டினத்தில் இறக்கினேன். பெட்டி பெட்டியாகச் சாமான். அவர் வீட்டில் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று முதலிலேயே பேச்சு. போய் இறங்கினால் ஊர் முழுக்கக் கரண்டு இல்லை. மாதாந்திரப் பராமரிப்பாம், ஐந்து மணிக்குத்தான் வருமாம். பேப்பரில் போட்டிருந்ததாம். நான் பேப்பரில் டீசல் விலை பார்த்துப் பழகியவன், மின்தடை பார்த்துப் பழகவில்லை. பாய் வீட்டில் மீன் குழம்போடு சாப்பாடு போட்டு, கோரைப்பாயும் தலையணையும் கொடுத்தார்கள். "படுங்க அண்ணே, எங்க போகப் போறீங்க" என்றார் பாய். ஒன்றரை மணி. ஐந்து மணி வரை படுப்பதா? அறந்தாங்கியில் சார்ஜ் போட இடம் இருக்கிறது, மீட்டரில் நாற்பது கிலோமீட்டர் காட்டுகிறது, போய்விடலாம் என்று கிளம்பினேன். மீட்டர் சொன்னதை நம்பினேன், பாய் சொன்னதை நம்பவில்லை.

அறந்தாங்கிக்கு மூன்று கிலோமீட்டர் இருக்கும்போது வண்டி நின்றது. வெயில். பின்னால் ஒரு மீன் வண்டி வந்தது. டிரைவர் இறங்கிக் கயிற்றை எடுத்தான். நிபந்தனை ஞாபகம் வந்தது. வேறு வழி இல்லை. கட்டி இழுத்தான். மீன் வண்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் ஒழுகி என் கண்ணாடியில் தெறித்தது. வைப்பர் போட்டால் செதில் பரவியது. பின்னால் இரண்டு நாய்கள். மேலே காக்காய். சாமி ஊர்வலம் தோற்றது. எதிரே வந்தது ஆரோக்கியம் வண்டி. நிறுத்தி, செல்போனை எடுத்து, நிதானமாக நாலு போட்டோ. அவனைப் பார்த்து நான் ஹாரன் அடித்தேன். விடாமல் அடித்தேன். மீன் வண்டிக்காரன் நிறுத்திவிட்டு இறங்கி வந்தான்.

"அண்ணே, நாந்தான இழுக்குறேன். நீங்க எதுக்கு ஓவர்டேக் கேக்குறீங்க?"

சாவி

அறந்தாங்கியில் சார்ஜ் போட்டு, என் சொந்தக் கரண்டில்தான் வீட்டுக்கு வந்தேன். பிரயோஜனம் இல்லை. போட்டோ எனக்கு முன்னால் வந்துவிட்டது. சிவகாமி வாசலில் உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நின்றாள். சாவியை வைத்தேன். போனையும் வாங்கிக்கொண்டாள். நாற்பத்தோரு வருஷம் அந்த இரண்டு விநாடியில் முடிந்தது. என்னிடம் மீன் வாடை அடிப்பதாக மட்டும் சொன்னாள்.

மூன்று நாள் வீட்டில் இருந்தேன். முதல் நாள், பால்காரன் ஆறு நிமிஷம் லேட் என்று அவனோடு சண்டை. இரண்டாம் நாள், அடுப்படி டப்பாக்களை வரிசை மாற்றி அடுக்கினேன். காபித்தூள் என்று நினைத்து அவள் காபியில் போட்டது மல்லித்தூள். குடித்தவன் நான். மூன்றாம் நாள், குக்கர் விசில் ஏன் தாமதம் என்று அவள் பின்னால் நின்று கேட்டேன். கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள். அந்த நேரம் போன் அடித்தது. வாடகைக்கு யாரோ. என்னிடம் கொடுக்கவில்லை, அவளே பேசினாள். "வருவாரு. ஆனா ஒங்க வீட்ல பெரிய பிளக் இருக்கா? அன்னிக்கு அங்கிட்டு மின்தடையான்னு பேப்பரப் பாத்துச் சொல்லுங்க. போட்டா மூணு மணி நேரம் இருப்பாரு, சாப்பாடு போட்டுருங்க. காரம் ஆகாது."

நாலாம் நாள் காலையில் சாவியை என் கையில் வைத்தாள். வைத்துவிட்டு விரலை மடக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"இது ஓட்ட மட்டுந்தான். எங்க போகணும், எப்பக் கெளம்பணுங்கறத நாஞ் சொல்லுவேன். தொண்ணூறுக்குக் கொறஞ்சு எந்த வீட்ல இருந்தாவது எந்திரிச்சீங்க, அங்கிட்டே இருந்துக்கங்க."

ஆக, நாற்பத்தோரு வருஷம் சொந்த வண்டி ஓட்டிய நான் இப்போது ஒரு கண்டிப்பான முதலாளியம்மாவிடம் டிரைவராக இருக்கிறேன், லீவு கேட்கத்தான் இன்னும் தைரியம் வரவில்லை.